இரவலர் உள்ளம்

புதுதில்லியின் சாணக்யபுரி, பெயராலேயே பொருளையும் வலிமையையும் நினைவூட்டுவதோர் இடமாகும். அரசன் பொருளை எவ்வாறு ஈட்டுதல் வேண்டும், எவ்வாறு காத்தல் வேண்டும், அயலரசனை எவ்வாறு அளந்தறிதல் வேண்டும் என்று வகுத்துரைத்த சாணக்கியரின் பெயரை அப்பகுதி தாங்கி நிற்கின்றது. அவருடைய பொருள்நூல் பன்னூறாண்டுகள் மறைந்து கிடந்து, தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூல்நிலையத்திற்கு அளித்த ஓலைச் சுவடியின் வாயிலாக மீண்டும் வெளிப்பட்டது. ஷாமசாஸ்திரியார் 1909-ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றினார். தமிழர் இதனைச் சற்றே பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.

வடபுலத்தில் வாழும் தமிழருக்கு இவ்விடம் அயலானதன்று. தமிழ்நாடு இல்லம் இங்கேதான் இருக்கிறது. சாந்தி பத் என்னும் அகன்ற சாலையின் இருமருங்கிலும் பெருநாடுகளின் தூதரகங்கள் நிற்கின்றன. நீதி, நியாயம், சத்தியம் எனச் சாலைகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் செல்வத்தையும் செல்வாக்கையும் கட்டடத்தின் உருவில் காட்ட விரும்புவது இயல்பே. இவற்றிடையே, நீதி மார்க்கத்தில், நாற்பத்து நான்கு ஹெக்டேர் நிலப்பரப்பும் காவலுக்கு ஒரு சிறு படையும் மட்டுமே உடைய திருத்தந்தையின் தூதரகமும் உண்டு. இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1948-இல் இவ்வுறவு தொடங்கிற்று. சற்றுத் தொலைவில், மால்ச்சா மார்க்கில், கார்மேல் கான்வென்ட் என்னும் பெண்கள் பள்ளி இருக்கிறது. தில்லியில் மகளைப் படிக்க வைத்த தமிழ்ப் பெற்றோர் பலர் அப்பெயரைக் கேட்டிருப்பர். ஆயின், அப்பள்ளியை நடத்தும் கன்னியர் எச்சபையைச் சேர்ந்தோர், அச்சபை எவ்வாறு பிறந்தது என்று வினவியவர் சிலராகவே இருத்தல் கூடும். அவ்வரலாறு நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரானதோர் எடுத்துக்காட்டு ஆதலின், அதனைச் சிறிது விரிவாகவே காண்போம்.

எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவர் 'ஆவியின் எளிமை' என்று கூறும் ஒன்றாகும். இயேசுபெருமான் மலைமீது அமர்ந்து உரைத்த பேறுகளுள் முதலாவதாக வைத்தது இதனையே. பழைய தமிழ் வேதாகமம் 'எளிமை' என்னும் சொல்லை ஆண்டது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஏழையின் உள்ளத்தைக் குறிக்கும் சொற்றொடரைக் கையாண்டது. இரண்டும் நல்ல தமிழே. ஆனால் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லின் கடுமை இரண்டிலும் முழுவதும் வந்துவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

கிரேக்க மொழியில் வறியவனைச் சுட்ட இரு சொற்கள் உள்ளன. 'பெனேஸ்' என்பவன் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவன். மிச்சம் இல்லை, ஆயினும் பிறர் வாயிலில் நிற்பதில்லை. 'ப்டோகோஸ்' என்பவனோ ஒன்றுமே இல்லாதவன். உடல் குறுகி, ஒடுங்கி, கையேந்தி நிற்பவன். அரிஸ்டோஃபனீஸ் என்னும் நாடகப் புலவர் செல்வத்தைப் பற்றி எழுதிய நாடகத்தில், வறுமைத் தாயே மேடையேறி, 'நான் வேறு, பிச்சை வேறு' என்னும் கருத்துப்பட வாதாடுகிறாள். மத்தேயு நற்செய்தியில் ஆளப்பட்டிருப்பது இவ்விரண்டனுள் பின்னைய சொல். சிக்கனமாய் வாழும் நடுத்தரக் குடும்பத்தானை அது குறிக்கவில்லை. இரவலனைக் குறிக்கிறது.

தமிழுள்ளம் இச்சொல்லைக் கண்டு ஒருகணம் தயங்கும். வள்ளுவர் இரவு என ஓர் அதிகாரமும், அதனையடுத்தே இரவச்சம் என ஓர் அதிகாரமும் வகுத்தார். இரத்தலின் இழிவை நம் நூல்கள் உரைத்த அளவு வேறெவையேனும் உரைத்தனவா என்பது ஐயமே. ஆயினும், இரவலனை நடுவில் நிறுத்திப் பாடியதும் நம் இலக்கியமே அன்றோ? பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வருவோன், பெறாது வாடுவோனை எதிர்ப்பட்டு, இன்ன வழியே சென்றால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று வழிப்படுத்துகிறான். அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒன்று மட்டும் அரசனிடம் ஆற்றுப்படுத்தாமல் இறைவனிடம் ஆற்றுப்படுத்துகிறது. மனிதன் முன் கையேந்துதல் இழிவு. இறைவன் முன் கையேந்துதல் இழிவன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, மலைப்பொழிவின் முதற்பேறு அத்துணை அயலாகத் தோன்றாது.

இனிக் கார்மேல் வரலாற்றுக்கு வருவோம்.

சோஃபி லீவ்ஸ் என்னும் பெண் 1823-இல் கான்ஸ்தாந்தினோப்பிள் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து ஆங்கிலத் தூதரகத்தின் சமயகுரு, ஆங்கிலிக்கன் திருச்சபையினர், வேதாகமத்தைத் தற்காலக் கிரேக்க மொழியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்ட அறிஞர். ஆகவே சாணக்யபுரியை ஒத்த ஒரு சூழலிலேயே, தூதர்களும் கொடிகளும் விருந்துகளும் நிறைந்த உலகத்திலேயே, அப்பெண் வளர்ந்தார் எனலாம். திருமணத்திற்கும் ஏற்பாடாகியிருந்தது. அதனைத் துறந்து, 1850-இல் மால்டாத் தீவில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பிறகு புனித சூசையப்பர் பெயரால் அமைந்த ஒரு கன்னியர் சபையில் புகுந்து வெரோனிக்கா என்னும் துறவுப்பெயர் பூண்டார். அச்சபை அவரை 1860-களில் நம் நாட்டுக் கள்ளிக்கோட்டைக்குக் கல்விப் பணிக்காக அனுப்பியது.

மேற்குக் கடற்கரையில் பெண்கல்விக்கு ஆள் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் அங்கிருந்த கார்மேல் துறவியரிடையே வலுத்திருந்தது. அவர்களுள் ஒருவராகிய மரி எஃப்ரேம் பின்னர் மங்களூரில் ஆயரானார். கார்மேல் சபையின் பெண்துறவிகளோ அடைப்பு மடத்தில் வாழ்பவர்கள். மடத்தின் மதிலைக் கடந்து வெளியே வருவதில்லை. செபமும் மௌனமுமே அவர்கள் தொழில். அவ்வாழ்வின் உள்ளத்தைக் கொண்டு பள்ளியில் கற்பிக்கும் புதியதொரு கன்னியர் குழுவை உண்டாக்க வேண்டும் என்பது திட்டம். வெரோனிக்கா அம்மையார் பிரான்சு நாட்டுப் போ நகரத்துக் கார்மேல் மடத்தில் 1867-இல் சேர்ந்து பயின்று, 1868-இல் பயோன் என்னும் ஊரில் அப்புதிய இல்லத்தைத் தொடங்கினார். அங்கே உருவான முதற் சகோதரிகள் மூவர் 1870 நவம்பரில் மங்களூர் வந்து சேர்ந்தனர்.

அந்த ஆண்டை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. சூயஸ் கால்வாய் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிரான்சு நாடு ஜூலையில் ப்ரஷ்யாவுடன் போரில் இறங்கித் தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. செப்டம்பர் 20-ஆம் நாள் இத்தாலியப் படை உரோமை நகருள் புகுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தந்தையர் ஆண்ட நிலம் அன்றோடு கைவிட்டுப் போயிற்று. நாம் முன்னர்க் கூறிய நாற்பத்து நான்கு ஹெக்டேர் நாடும் 1929-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் வந்ததே. நிலம் போனபின் திருச்சபையின் சொல்லுக்கு உலகில் மதிப்புக் குறைந்ததா கூடியதா என்று ஆராயின், கூடியது என்றே பல வரலாற்றாசிரியர் கூறுவர். இது வழிப்பேச்சு.

பயோன் இல்லம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1873-இல் அதனை மூட நேர்ந்தது. தாம் தொடங்கிய இல்லம் மூடப்பட்டது. தாம் பயிற்றிய சகோதரிகள் கடல்கடந்து மங்களூரில் இருந்தார்கள். தாம் அவர்களிடம் செல்லவும் வழியில்லை. நிறுவனர் ஒருவருக்கு இதனினும் பெரிய வெறுமை யாது? வெரோனிக்கா அம்மையார் போ நகரத்து அடைப்பு மடத்திற்கே திரும்பினார். அங்கே அவர் நிறுவனர் அல்லர், பலருள் ஒருவர். பிற்பாடு பெத்லகேமில் தொடங்கப்பட்ட மடத்திலும் சில ஆண்டுகள் இருந்து, மீண்டும் போவுக்கு வந்து, 1906 நவம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். அப்போஸ்தலிக்க கார்மேல் என்று பெயர்பெற்ற அவருடைய சபை அதற்குள் மேற்குக் கடற்கரையில் வேரூன்றியிருந்தது. 1921-இல் மங்களூரில் புனித ஆக்னெஸ் பெயரால் பெண்களுக்கெனக் கல்லூரி ஒன்றைத் தொடங்கிற்று. இலங்கையிலும் தில்லியிலும் பரவியது. திருச்சபை 2014-இல் அம்மையாரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது.

'என் பணி' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் இழந்த பின்னர், அப்பணி இறைவனுடையது என்று அமைதியுறுதலே ஆவியின் எளிமை. காசில்லாமை அதில் ஒரு சிறுபகுதி. வெளியூர் வந்து, தம் முயற்சியால் வேலை தேடி, வீடு கட்டி, மக்களைப் படிக்கவைத்து, 'எவர் தயவுமின்றி நான் முன்னுக்கு வந்தேன்' என்று கூறும் உரிமை பெற்ற நம்மவர்க்கு இப்பாடம் எளிதில் செரிப்பதன்று. அவ்வுரிமை பொய்யும் அன்று. சிபாரிசுக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாயில்தோறும் நின்ற நாள்கள் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து விடுபட்டதை அவர்கள் விடுதலை என்று கருதுவது முறையே. அப்படியிருக்க, மீண்டும் கையேந்தச் சொல்கிறதே இச்சமயம் என்று அவர்கள் கேட்டால், அதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விடையைக் கோட்பாட்டிலிருந்து கூறுவதினும் ஓர் ஆளைக் காட்டிக் கூறுதல் தெளிவாயிருக்கும். வெரோனிக்கா அம்மையார் 1867-இல் போ நகரத்து மடத்திற்குச் சென்றபோது தம்முடன் ஓர் இளம்பெண்ணை அழைத்துச் சென்றார். மரியம் பௌவார்டி என்பது அவள் பெயர். கலிலேயாவில் இபில்லின் என்னும் சிற்றூரில் 1846-இல் பிறந்தவள். மூன்று வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்தவள். அலெக்சாந்திரியாவில் சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவள். பிறகு அங்கும் இங்குமாய் வீட்டு வேலை செய்து பிழைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு மொழியும் சிதைவாகவே வரும். மர்செய்ல் நகரத்தில் வெரோனிக்கா அம்மையாரின் முன்னைச் சபை அவளைத் தகுதியற்றவள் எனக் கருதித் தள்ளியது. அந்நிலையில்தான் அம்மையார் அவளுக்குக் கார்மேல் மடத்தின் கதவைக் காட்டினார்.

மங்களூரில் அடைப்பு மடம் ஒன்றும் நிறுவ 1870 ஆகஸ்டில் புறப்பட்ட குழுவில் மரியமும் ஒருத்தி. கடற்பயணத்தின் வெம்மையும் நோயும் தாங்காமல் அக்குழுவினருள் சிலர் மடத்தைக் காணாமலே இறந்தனர். எஞ்சியோர் மங்களூரில் மடத்தைத் தொடங்கினர். 1871 நவம்பரில் மரியம் அங்கே துறவு வாக்குறுதி அளித்தாள். சில மாதங்களுக்குள் நிலைமை மாறிற்று. அவளுக்கு நேர்ந்த அசாதாரண ஆன்மிக அனுபவங்களை முதலில் நம்பியவர்களே பின்னர் ஐயுற்றனர். ஏமாற்றுக்காரி என்றும் மனம் பேதலித்தவள் என்றும் எண்ணப்பட்டு, 1872-இல் பிரான்சுக்கே திருப்பி அனுப்பப்பட்டாள்.

வேறொருவர் ஆயின் அங்கேயே உடைந்திருப்பர். மரியம் தன்னைச் 'சின்ன ஒன்றுமில்லை' என்று கூறிக்கொள்வது வழக்கம். இதனைத் தாழ்வு மனப்பான்மை என்று கொள்ளுதல் பிழை. தாழ்வு மனப்பான்மை உடையவன் எப்போதும் தன்னையே நோக்கிக்கொண்டிருக்கிறான். பிறர் தன்னை எவ்வாறு மதிக்கிறார் என்ற கவலை அவனை விடுவதில்லை. தான் ஒன்றுமில்லை என உண்மையாகவே உணர்ந்தவனோ தன்னை மறந்து வேலையைப் பார்க்கிறான். திருப்பி அனுப்பப்பட்ட மரியம் போ மடத்துச் சமையலறையிலும் தோட்டத்திலும் உழைத்தாள். 1875-இல் பெத்லகேமில் கார்மேல் மடம் எழும்பியபோது, அரபு மொழி அறிந்தவள் அவளே ஆதலால், கட்டட வேலையாள்களை மேற்பார்க்கும் பொறுப்பு, எழுத்தறியாத அப்பெண்ணின் கைக்கு வந்தது. 1878 ஆகஸ்டில் அவ்வேலையாள்களுக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லும்போது கீழே விழுந்து கை முறிந்து, புண் அழுகி, சில நாள்களில் உயிர் நீத்தாள். அப்பொழுது வயது முப்பத்திரண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 17 அன்று அவளைப் புனிதர் என அறிவித்தார். வெரோனிக்கா அம்மையாரின் பள்ளிகளில் பயிலும் மாணவியருள் எத்தனை பேருக்கு இந்த அரபுப் பெண்ணின் பெயர் தெரியுமோ, நாம் அறியோம். தெரிந்திருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

முன்னர் எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. மனிதனை நம்பிக் கையேந்துபவன் அவன் முகக்குறிப்பை நோக்கி நிற்க வேண்டியவன். முகம் மாறினால் வாழ்வும் மாறும். ஆயரும் தலைவியரும் முகம் மாறியபோது மரியத்தின் உள்ளம் மாறவில்லை என்றால், அவள் கையேந்தியது அவர்களிடம் அன்று என்பது தெளிவு. இறைவனைச் சார்ந்திருத்தல் மனிதரைச் சார்ந்திருத்தலின் பெரிய வடிவம் அன்று. அதிலிருந்து விடுபடும் வழி.

கார்மேல் மடங்களிலிருந்து எழுந்தவர்களுள் தமிழர் நெஞ்சில் மிகுதியும் இடம்பெற்றவர் குழந்தை தெரேசம்மாள். சிறுமலர் என்னும் பெயரில் தமிழ்நாட்டில் ஆலயங்களும் பள்ளிகளும் பல உண்டு. பெண்களுக்கும் அப்பெயர் இடுகிறோம். 1873-இல் பிறந்து, பதினைந்தாவது வயதில் லிசியே நகரத்து மடத்தில் புகுந்து, 1897-இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்த அவர் விட்டுச்சென்றது ஒரு தன்வரலாறு. அதில் 'சிறிய வழி' ஒன்றை விளக்குகிறார். செல்வர் வீடுகளில் அப்போது மின்தூக்கி புதிதாய் வந்திருந்தது. மாடிப்படி ஏறத் தேவையில்லை. புனிதர்கள் ஏறிய நெட்டைப் படிகளில் ஏறத் தமக்கு வலிமை இல்லை என்றும், இயேசுவின் கரங்களே தம்மைத் தூக்கிச் செல்லும் மின்தூக்கி என்றும் அவர் எழுதினார். புதிய கருவியைக் கண்டு அதிலிருந்தே இறையியலுக்கு உவமை எடுத்த அவ்விளம்பெண்ணின் கூர்மையை நாம் வியக்கிறோம். 1925-இல் புனிதராகவும் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அவர் அறிவிக்கப்பெற்றார்.

ஆனால் மலரும் குழந்தைமையுமாக அவரைச் சித்திரிக்கும் படங்கள் ஒரு செய்தியை மறைத்துவிடுகின்றன. 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலந்தொட்டு இறக்கும்வரை, ஏறத்தாழப் பதினெட்டுத் திங்கள், அவருடைய உள்ளத்தில் விசுவாசத்தின் இன்பம் அறவே அற்றுப்போயிற்று. விண்ணகம் என ஒன்று உண்டா என்னும் இருள் சூழ்ந்தது. நம்பிக்கையும் தன் கையில் உள்ள சொத்து அன்று என்பதை அவர் அப்போது கண்டார். அதனையும் இரந்தே பெற வேண்டியிருந்தது. எளிமையின் ஆழம் இதற்கு மேல் இல்லை என்றே தோன்றுகிறது.

தூக்கிச் செல்லும் கரம் என்னும் உவமையைக் கேட்டவுடன் திருவரங்கத்தை அறிந்த தமிழர்க்கு வேறோர் உவமை நினைவுக்கு வரும். இறைவனைச் சரண்புகும் உயிர் குரங்குக் குட்டியைப் போன்றதா, பூனைக் குட்டியைப் போன்றதா என வைணவப் பெரியோர் வாதிட்டனர். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகரைப் போற்றும் வடகலையார் முன்னதையும், பிள்ளை லோகாசாரியரைப் போற்றும் தென்கலையார் பின்னதையும் ஏற்பர் என்பது வழக்கு. கிறிஸ்தவ உலகிலும் இவ்வாதம் ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனுக்கும் பெலாஜியுஸுக்கும் இடையே நடந்ததுண்டு. தெரேசம்மாள் தென்கலைப் பக்கம் சாய்ந்தவர் என்று விளையாட்டாகக் கூறலாம். விளையாட்டைத் தாண்டியும் இதில் உண்மை உண்டு. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றியபோது, சரணாகதி நெறியில் ஊறிய தமிழையே கிறிஸ்துவுக்கு அணியாக்கினார். சமயம் மாறியும் அவருடைய சொல்வளம் மாறவில்லை. இறைவன்முன் வெறுங்கையாய் நிற்கும் நிலைக்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை.

அதே நெல்லைச் சீமையில், களக்காட்டுக்கு அண்மையில் மேற்கு மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. ப்ரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கிய ஊர் அது. இங்கு 1901-இல் வந்து தங்கியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, 1951-இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பாதவர். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையிலிருந்த சிறுமியரையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் அவர் எடுத்து வளர்த்தார். குழந்தைகள் அவரை அம்மா என்றே அழைத்தனர். வளர்ப்பில்லங்கள், பள்ளி, மருத்துவமனை என அந்நிலையம் விரிந்தது.

அங்கே கடைப்பிடிக்கப்பட்ட ஒரு விதியே நமக்கு இங்கு வேண்டுவது. நன்கொடை வேண்டி எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை. தேவையை இறைவனிடம் மட்டும் செபத்தில் கூறுதல். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1836 முதல் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் காட்டிய வழி அது. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு நாள்தோறும் சோறும் பாலும் வேண்டும், பசி காத்திருப்பதில்லை. அச்சூழலில் அவ்விதியைக் கடைப்பிடித்தல் விளையாட்டன்று. அம்மையார் எழுதிய நூல்கள் மேனாடுகளில் பல்லாயிரவரால் படிக்கப்பெற்றன. அந்நூல்களே வாய்விட்டுச் சொல்லாத விண்ணப்பமாய் அமைந்தன என்று எவரேனும் கூறின், அதனை நாம் முற்றும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கேட்பதற்கும் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. கேட்டுப் பெற்றால் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவதோடு அவர் விருப்பத்திற்கு வளையவும் நேரும்.

இவ்வழி எல்லார்க்கும் உரியதென்று திருச்சபை ஒருபோதும் கூறவில்லை. அசிசி நகர் பிரான்சிஸ் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் துறவியரை வீடுவீடாகச் சென்று இரந்துண்ணவே பணித்தார். டோனாவூர் கேட்க மறுத்தது. அசிசி கேட்பதையே நோன்பாக்கிற்று. இரண்டும் ஒரே எளிமையின் இரு முகங்கள். குடும்பம் நடத்துவோர்க்கோ இரண்டுமே பொருந்தா. வைப்பு நிதியும் காப்புறுதியும் வைத்திருப்பவன் நம்பிக்கையற்றவன் ஆகான். அவற்றைத் தன் இறுதிப் புகலாகக் கொள்கிறானா என்பதே வினா. அதனை அவனன்றிப் பிறர் அறிய இயலாது.

நம்பிக்கை வைத்தால் துன்பம் நேராது என்று போதிப்போர் நம்மிடையே உளர்; நாளடைவில் பெருகியும் வருகின்றனர். காணிக்கை இட்டால் பன்மடங்காய்த் திரும்பும் என்னும் போதனை, ஆவியின் எளிமைக்கு நேர்மாறான வாணிகம் என்று நாம் துணிந்து கூறுவோம். டோனாவூர் அம்மையார் 1931-இல் தவறி விழுந்து அடிபட்டார். அதன்பின் உயிர்வாழ்ந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் படுக்கையிலேயே, நோவோடு கழிந்தன. குணம் வேண்டிச் செபித்தவர் எத்தனையோ பேர். குணம் வரவில்லை. அக்கட்டிலில் இருந்தபடியே அவர் நூல்கள் எழுதினார், இல்லத்தை நடத்தினார். பால் வேண்டிய நாளில் பால் வந்ததைச் சொல்வோர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை. தம் கல்லறைமீது கல் நாட்டலாகாது என்று அவர் விதித்திருந்தார். அவர் வளர்த்த மக்கள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்தனர்.

இனி, இப்பொருளில் மிகக் கூர்மையான வினாவொன்று எஞ்சியிருக்கிறது. மத்தேயு 'ஆவியில்' என்று சேர்த்து எழுதுகிறார். லூக்கா எழுதிய நற்செய்தியிலோ அச்சொல் இல்லை, ஏழைகள் என்று மட்டுமே உள்ளது. ஆகவே, உள்ளம் எளிதாயிருந்தால் போதும், செல்வம் எவ்வளவு இருந்தாலும் குற்றமில்லை என்று செல்வர் ஆறுதல் கொள்ளவும், வறுமை பேறு ஆதலின் அதிலேயே அமைந்திரு என்று ஏழையிடம் கூறவும் மத்தேயுவின் சொல் பயன்பட்டிருக்கிறது. இஃது ஒரு பெருந்தீமை. இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968-இல் கொலம்பியா நாட்டு மெதெயின் நகரில் கூடியபோது இக்குழப்பத்தை நீக்க முற்பட்டனர். பெரு நாட்டு இறையியலார் குஸ்தாவோ குத்தியேரஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் அதனை மேலும் விளக்கினார். வாழ்வுக்கு வேண்டியவை இல்லாத வறுமை தீமையே, இறைவன் விரும்புவதன்று. இறைவனிடமிருந்தே எல்லாம் பெறும் உள்ளத்து எளிமை வேறு. ஏழையரோடு தோள்சேர்ந்து அத்தீமையை எதிர்க்கும்பொருட்டு ஒருவன் தானே ஏற்கும் வறுமை மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் மயக்கம் நேர்கிறது.

சாணக்யபுரியின் பெருமாளிகைகளில் சமைத்தும் துடைத்தும் குழந்தை பார்த்தும் வாழ்வோருள் பிற மாநிலங்களிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்கள் பலர். அவர்களுள் ஒருத்திக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவள் செபத்தில் அதனைச் சொல்கிறாள், சொல்லட்டும். அவளிடம், 'இறைவன் பார்த்துக்கொள்வார், பொறுத்திரு' என்று மட்டும் கூறி அனுப்பும் குருவானவரோ சபைப் பெரியவரோ எளிமையைப் போதிக்கவில்லை. முதல் வகை வறுமைக்கு இரண்டாம் வகையின் ஆடையை உடுத்துகிறார். யாக்கோபு எழுதிய திருமுகம், அறுவடை செய்தவனின் கூலியைப் பிடித்துவைத்த செல்வனைக் குறித்து எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை அவர் ஒருமுறை திறந்து பார்க்கலாம். பின்னர் அப்பெண்ணுடன் வீட்டுக்காரரிடம் சென்று, அங்கே பயனில்லையெனில் தொழிலாளர் அலுவலகத்தின் படியேறி, அவளுக்காக மனு எழுதித் தரலாம்.